ஜெலட்டின் ஹைட்ரோஜெல்லும் தோல் புண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்ப்பொருள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன் என்று தெரிந்ததும், தீக்காயம் பட்டவரின் வீட்டார், நீரிழிவுப் புண்ணோடு மாதக்கணக்கில் அலைபவர்கள், திசுப்பொறியியல் படிக்க வரும் மாணவர்கள் என்று பலரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு என்பதைப் புண்ணை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பொருள் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்வது மட்டுமே என் நோக்கம்.

ஜெலட்டின் என்றால் ஜெல்லி மிட்டாயில் போடுவதுதானே? அதையா புண்ணில் வைக்கிறார்கள்?

பொருள் அதே குடும்பம்தான். ஆட்டுக்கால் சூப்பை இரவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தால், அது கட்டியாகி, பாத்திரத்தைச் சாய்த்தாலும் ஒழுகாமல் ஆடிக்கொண்டு நிற்கும். அப்படிக் கட்டியாக்குவது ஜெலட்டின். எலும்பிலும் தோலிலும் சவ்விலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் நெடுநேரம் வெந்து, அதன் முறுக்கு அவிழ்ந்து, தனித்தனி இழைகளாகத் தண்ணீரில் கரைவதால் கிடைப்பது அது. தொழிற்சாலையில் இதையே அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து, சூட்டையும் நேரத்தையும் அளந்து செய்கிறார்கள்.

நம்முடைய அடித்தோலின் பெரும்பகுதியும் கொலாஜன்தான் என்பதால், ஜெலட்டின் உடம்புக்கு அந்நியமான பொருள் அல்ல. கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்குக் கயிறு போன்றது என்பதை 1954, 1955 ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துக் காட்டினார்கள். இன்று உலகெங்கும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அந்த மூவிழைச் சுருளிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமை தரும் செய்தி.

ஹைட்ரோஜெல் என்பது களிம்பா, கட்டா?

இரண்டாகவும் இருக்கலாம். நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, அந்த வலைக்குள் ஏராளமான தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் பொருளுக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். 100 மில்லி தண்ணீருக்கு 5 முதல் 15 கிராம் ஜெலட்டின் இருந்தால் போதும், தொட்டால் நடுங்குகிற, ஆனால் உருவம் குலையாத ஒரு பொருள் கிடைத்துவிடும். அதைத் தாளாக வார்க்கலாம், ஊசிக்குழலில் ஏற்றிப் புண்ணின் குழிக்குள் நிரப்பலாம், உறையவைத்து உலர்த்திப் பஞ்சாகவும் செய்யலாம்.

தண்ணீர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் செய்த சோதனை பதில் தந்தது. மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயத்தில், திறந்து உலரவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக மேல்தோல் மூடியது. காய்ந்த பொருக்குக்கு அடியில் செல்கள் வழி தோண்டிக்கொண்டு நகர வேண்டியிருக்கிறது. ஈரத்தில் அவை வழுக்கிக்கொண்டு போய்ச் சேருகின்றன. புண்ணைக் காயவிட வேண்டும் என்ற நம் வீட்டுப் பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே கைவிடலாம்.

தோல் தானாகவே வளர்ந்துவிடுமே, இதெல்லாம் எதற்கு?

சிராய்ப்புக்கும் மேலோட்டமான தீக்காயத்துக்கும் எதுவும் வேண்டியதில்லை. மயிர்க்கால்களின் பக்கவாட்டிலும் வியர்வைச் சுரப்பிகளின் குழாய்களிலும் மேல்தோல் செல்கள் ஒளிந்திருக்கின்றன. அவை பல நூறு இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் கிளம்பி மேற்பரப்பை மூடிவிடும். அடித்தோல் முழுவதும் வெந்துபோனால் அந்தச் சேமிப்பும் போய்விடுகிறது. அப்போது புண் ஓரத்திலிருந்து மட்டுமே மூட முடியும். உடம்போ அவசரத்தில் ஓரங்களை இழுத்துச் சுருக்கி, தழும்புத் திசுவை வைத்து அடைக்கிறது. முழங்கையிலும் கழுத்திலும் இப்படி ஆறினால் கை நீளாது, தலை நிமிராது. தழும்பின் வலிமையும் பழைய தோலின் வலிமையில் 80 சதவீதத்துக்கு மேல் போவதில்லை.

இன்றைய முதன்மையான சிகிச்சை, நோயாளியின் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது. வளர்ந்தவருக்குத் தோலின் பரப்பு 1.5 முதல் 2 சதுர மீட்டர்; அதில் பாதி வெந்துவிட்டால் எடுத்து ஒட்ட நல்ல தோலுக்கு எங்கே போவது? அப்படியே ஒட்டினாலும், சீவி எடுத்த தோலில் அடித்தோல் மிகக் குறைவாகவே இருக்கும். இல்லாமல் போன அந்த அடித்தோலின் இடத்தில் செல்கள் வந்து குடியேற ஒரு சாரம் கட்டிக் கொடுப்பதுதான் ஜெலட்டின் போன்ற பொருள்களின் வேலை. கொத்தனார் கட்டும் சாரத்தைப் போலவே, சுவர் எழும்பும்வரை இருந்துவிட்டு அது இறங்கிவிட வேண்டும்.

செல்கள் ஜெலட்டினை மட்டும் ஏன் இவ்வளவு விரும்புகின்றன?

ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் ஓர் இடம் ஜெலட்டின் இழையில் இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இன்டெக்ரின் என்ற புரதங்கள் அதைக் கைப்பிடியாகப் பற்றிக்கொள்கின்றன. ஜெல் செய்யப் பயன்படும் வேறு பொருள்களான அல்ஜினேட்டிலோ பாலிஎத்திலீன் கிளைக்காலிலோ இந்தக் கைப்பிடி கிடையாது. தனியாக ஒட்டவைத்தால்தான் உண்டு.

இதை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். அடித்தோலில் கொலாஜனை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை ஜெலட்டின் பூசிய தட்டில் விட்டால், முதலில் அவை கடுகு சிந்தியது போல உருண்டையாகக் கிடக்கும். சில மணி நேரத்தில் ஒவ்வொன்றும் தட்டையாகி, இரு முனையிலும் நீண்டு, மறுநாள் பார்க்கும்போது நீரோட்டத்தில் ஒரே திசையில் நிற்கும் மீன்களைப் போல வரிசை பிடித்திருக்கும். வெறும் அல்ஜினேட்டுக்குள் விட்ட செல்கள் அடுத்த வாரமும் உருண்டையாகவே இருக்கும். முதன்முதலாக இரண்டையும் அருகருகே பார்க்கும் மாணவர்களுக்கு அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியது அதிகம் இருப்பதில்லை.

உடம்புச் சூட்டில் ஜெலட்டின் உருகிவிடுமே?

உருகிவிடும். குளிரில் ஜெலட்டின் இழைகள் அங்கங்கே பழைய மூவிழைச் சுருளாக மீண்டும் முறுக்கிக்கொள்வதால்தான் அது கட்டியாகிறது. 30 முதல் 35 பாகை செல்சியஸில் அந்த முறுக்குகள் அவிழ்ந்துவிடுகின்றன. உடம்பின் சூடோ 37. மாமிச ஜெலட்டினால் செய்த ஜெல்லி நாக்கில் பட்டதும் கரைவதும், கடல்பாசியில் செய்தது மென்ற பிறகே உடைவதும் இந்த வேறுபாட்டால்தான்.

நுண்ணுயிரியலின் தொடக்க நாள்களில் இராபர்ட் கோக் ஜெலட்டின் மேல்தான் பாக்டீரியாவை வளர்த்தார். 37 பாகையில் அது உருகியது, போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதைக் கரைத்தும் குடித்தன. சமையலறையில் பழகிய கடல்பாசியை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர், அவரது ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. அன்று கோக்குக்குத் தொல்லை கொடுத்த இரண்டு குறைகளும் இன்றும் புண்ணில் அப்படியே நமக்குத் தொல்லை கொடுக்கின்றன. முதல் குறைக்குத் தீர்வு குறுக்குப்பிணைப்பு.

குறுக்குப்பிணைப்புக்குப் போடும் ரசாயனம் உடம்புக்கு ஆகாதே?

எதைப் போடுகிறோம், மிச்சத்தை எவ்வளவு கழுவுகிறோம் என்பதைப் பொறுத்தது. பக்கத்துப் பக்கத்து இழைகளை நிரந்தரமாக முடிச்சுப் போடுவதற்குப் பெயர் குறுக்குப்பிணைப்பு. மலிவாகவும் உறுதியாகவும் முடிச்சுப் போடுவது குளுட்டரால்டிஹைடு. ஆனால் அதன் மிச்சம் செல்களைக் கொல்லும். கார்போடைமைடு வகை வினைப்பொருள்கள் முடிச்சை மட்டும் போட்டுவிட்டுத் தாங்கள் பிணைப்புக்குள் தங்குவதில்லை; ஆகவே நன்றாகக் கழுவினால் போய்விடும். கார்டீனியா காயிலிருந்து கிடைக்கும் ஜெனிபின், குளுட்டரால்டிஹைடைவிட நச்சு மிகக் குறைந்தது. அது பிணைக்கும்போது ஜெலட்டின் கருநீலமாக மாறிவிடும். ஆய்வுக்கூடத்தில் அந்த நிறம் வினை நடந்ததற்கு அடையாளமாக உதவும். புண்ணின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய மருத்துவருக்கோ அது இடைஞ்சல்.

டிரான்ஸ்குளுட்டாமினேஸ் என்ற நொதியும் இருக்கிறது. இறைச்சித் துண்டுகளை ஒட்டவைக்க உணவுத் தொழிலில் பயன்படுவது அதுவே. மென்மையான சூழலில் வேலை செய்வதால், செல்கள் உள்ளே இருக்கும்போதே ஜெல்லைக் கட்டியாக்க அது ஏற்றது.

ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாம் ஜெல்மா, ஜெல்மா என்று வருகிறதே, அது என்ன?

ஜெலட்டின் மெத்தாக்ரிலாயில் என்பதன் சுருக்கம். 2000ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இது பரவியது. 50 பாகை வெந்நீர்க்கரைசலில் ஜெலட்டினுடன் மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பல நாள்கள் சவ்வுப்பையில் வைத்துக் கழுவி, உறையவைத்து உலர்த்தினால், இலவம்பஞ்சு போல வெள்ளையாக, எடையே தெரியாத ஒரு பொருள் கிடைக்கும். அதை இளஞ்சூட்டில் கரைத்து, ஒளிக்கு வினைபுரியும் தொடக்கி ஒன்றைத் துளி அளவு சேர்த்து, 365 அல்லது 405 நானோமீட்டர் ஒளியைக் காட்டினால், ஒரு நிமிடத்துக்குள்ளேயே கட்டியாகிவிடும். இனி 37 பாகையிலும் உருகாது.

இந்த வினை பெரும்பாலும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் நடப்பதால், முன்பு சொன்ன கைப்பிடி பெருமளவு சேதமாகாமல் தப்பிவிடுகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் இதை அதிகம் விரும்புவதற்குக் காரணம், ஒளி படும் இடத்தை மட்டும் கட்டியாக்கலாம் என்பதே. புதிதாகச் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்: காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் வினையைத் தடுப்பதால் மேலே மட்டும் பிசுபிசுப்பு நிற்கும்; அதற்காக ஒளியையும் தொடக்கியையும் கூட்டினால் உள்ளே இருக்கும் செல்கள் சாகும். 405 நானோமீட்டரில் வேலை செய்யும் தொடக்கியைத் தேர்ந்தால் புற ஊதாக் கதிரின் தீங்கைத் தவிர்க்கலாம்.

எத்தனை நாள் அது புண்ணில் இருக்க வேண்டும்?

என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மையமான கேள்வி இதுதான். ஃபைப்ரோபிளாஸ்ட்களும் அழற்சிச் செல்களும் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ் என்னும் நொதிகளைச் சுரந்து ஜெலட்டினை வெட்டுகின்றன. வெட்டிய இடத்தில் தங்கள் சொந்தக் கொலாஜனை நெய்கின்றன. நெய்வதைவிட வெட்டுவது வேகமானால் புண் மறுபடியும் வெறும் குழியாகும். வெட்டுவது மிகவும் தாமதமானால் சாரம் இறங்காமல் நின்று, உடம்பு அதை வேற்றுப்பொருளாக எண்ணி நார்த்திசுவால் சுற்றி மூடும். பொதுவாக இரத்தக் குழாய்கள் ஊடுருவி ஒரு புதிய அடித்தோல் உருவாக 2 முதல் 4 வாரம் ஆகும் என்பதால், அதுவரையாவது தாங்கும்படி முடிச்சுகளின் அடர்த்தியை அமைக்கிறார்கள்.

நாள்பட்ட நீரிழிவுப் புண்ணில் கணக்கு மாறிவிடும். அங்கே இந்த நொதிகள் ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கின்றன. புதிய தீக்காயத்தில் மூன்று வாரம் நிற்கும் ஜெல் அங்கே சில நாள்களில் கரைந்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் கொலாஜினேஸ் நொதியில் ஊறவைத்து "இத்தனை நாள் நின்றது" என்று எழுதும் எண்ணை எந்தப் புண்ணுக்கானது என்று சொல்லாமல் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கெட்டியாக இருந்தால் நல்லதா, மென்மையாக இருந்தால் நல்லதா?

கையாளக் கெட்டி வேண்டும். செல்லுக்கு மென்மை வேண்டும். மிகக் கெட்டியான பரப்பில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் இழுத்துச் சுருக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறுகின்றன. தழும்பு தடிப்பதற்கு அது ஒரு காரணம். அடர்த்தியான ஜெல்லின் வலைக்கண்கள் செல் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை என்பதால், செல் தன் நொதியால் வெட்டி வழி செய்துகொண்டே நடக்க வேண்டும். இதனால்தான் பலர் ஜெல்லை உறையவைத்து, பனிப்படிகங்களை உலர்த்தி வெளியேற்றித் துளைகளை உண்டாக்குகிறார்கள். தோல் சுருங்குவதைத் தடுக்க 20 முதல் 125 மைக்ரோமீட்டர் வரையுள்ள துளைகள் பொருத்தமானவை என்று கொலாஜன் சாரங்களில் அமெரிக்க ஆய்வாளர் யானஸின் குழுவினர் கண்டது இன்றும் வழிகாட்டி.

உள்ளே உயிருள்ள செல்லையே வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது இல்லையா?

கொள்கையளவில் ஆம். 1975இல் ரைன்வால்டும் கிரீனும் மனித மேல்தோல் செல்களைத் தட்டில் பெருக்கும் வழியைக் கண்டார்கள். 1981இல் பர்க், யானஸ் இருவரும் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டின் என்ற சர்க்கரை இழையையும் சேர்த்து, மேலே சிலிக்கோன் படலம் வைத்த செல்லில்லாத சாரத்தைத் தீக்காய நோயாளிகளுக்கு வைத்த முடிவுகளை வெளியிட்டார்கள். 1998இல் செல்கள் உள்ள ஆப்லிகிராஃப் என்ற தயாரிப்பு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரு வழிகளும் உயிரோடு இருக்கின்றன.

ஆனால் செல் வைத்த ஜெல்லுக்குச் சோறு யார் போடுவது? இரத்தக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தாண்டினால் ஆக்சிஜன் போதாது. தடித்த ஜெல்லின் நடுவில் வைத்த செல்கள் குழாய் வந்து சேருவதற்குள் இறக்கின்றன. நோயாளியின் செல்லை எடுத்துப் பெருக்க வாரங்கள் ஆகும், குளிர்சங்கிலியில் அனுப்ப வேண்டும், செலவோ பல மடங்கு. அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டுக்கு முதலில் வந்து சேரப்போவது, அலமாரியில் வைத்து எடுக்கக்கூடிய செல்லில்லாத சாரம்தான் என்று நான் நம்புகிறேன். உழைப்பையும் அங்கேதான் செலுத்த வேண்டும்.

மருந்தையும் அதற்குள்ளேயே வைக்க முடியுமா?

முடியும், அதில் ஜெலட்டினுக்கு ஓர் அருமையான வசதி உண்டு. அமிலத்தில் பதப்படுத்திய ஜெலட்டின் உடம்பின் சூழலில் நடுநிலையாகவோ சற்றே நேர்மின்னோடோ இருக்கும்; காரத்தில் பதப்படுத்தியது எதிர்மின்னோடு இருக்கும். இரத்தக் குழாய்களை வளர்க்கத் தூண்டும் அடிப்படை ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி நேர்மின் கொண்ட புரதம் என்பதால், கார வகை ஜெலட்டினில் போட்டால் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஜெல் எந்த வேகத்தில் வெட்டுப்படுகிறதோ அந்த வேகத்தில் மருந்து வெளியே வருகிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் யசுஹிகோ தபாதா இந்த முறையைப் பல்லாண்டு வளர்த்தெடுத்தார். எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று மேலே பார்த்த கேள்வி, இங்கே மருந்தின் அளவையும் சேர்த்து முடிவு செய்கிறது.

புண்ணில் சீழ் இருந்தால் இதை வைக்கலாமா?

முதலில் செத்த திசுவை அகற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கோக் கண்ட இரண்டாவது குறையை நினைத்துப் பாருங்கள்: ஜெலட்டின் கிருமிக்கும் உணவு. வெள்ளி நுண்துகள், கைட்டோசான், நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றைச் சேர்த்த ஜெல்கள் ஏராளமாக ஆராயப்படுகின்றன. வெள்ளி அளவு மீறினால் கிருமியோடு மேல்தோல் செல்லையும் கொல்லும் என்பதால், இரண்டையும் ஒரே சோதனையில் அளக்காத கட்டுரையை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

மாடா, பன்றியா? எங்கள் வீட்டில் இரண்டும் ஆகாது. மீனில் எடுக்கலாமா?

பெரும்பாலான ஜெலட்டின் பன்றித்தோல், மாட்டுத்தோல், மாட்டெலும்பு ஆகியவற்றிலிருந்தே வருகிறது. நம்பிக்கை காரணமாகத் தயக்கம் இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, அது உங்கள் உரிமை. மீன் ஜெலட்டினும் நன்றாக வேலை செய்கிறது. குளிர்க்கடல் மீன்களில், மூவிழை முறுக்கை உறுதியாக்கும் ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் அது அறை வெப்பநிலையில் கட்டியாகவே ஆகாது. திலேப்பியா போன்ற வெதுநீர் மீன்களுடையது மேல். எப்படியும் முடிச்சுப் போடப்போகிறோம் என்பதால் இது பெரிய தடை அல்ல. ஜெலட்டின் ஒவ்வாமை அரிதானாலும் உண்டு. தடுப்பூசிக்கோ ஜெல்லிக்கோ முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். கடல்பாசி மாற்றாகாது, அது சர்க்கரை இழை, அதில் செல்லுக்கான கைப்பிடி இல்லை.

கடையில் விற்கும் ஜெலட்டின் பொடியைக் காய்ச்சித் தடவலாமா?

கூடவே கூடாது. அது கிருமி நீக்கியது அல்ல. கொதிக்கவைத்தாலும் அழியாத பாக்டீரிய நச்சான எண்டோடாக்சின் அதில் இருக்கும். பிணைப்பு இல்லாததால் புண்ணில் உருகி வழியும். தீப்பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குப் போங்கள். பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம்.

இப்போது ஆஸ்பத்திரியில் எதெல்லாம் கிடைக்கிறது?

இரத்தக் கசிவை நிறுத்தும் ஜெலட்டின் பஞ்சு 1940களிலிருந்தே அறுவை அரங்குகளில் இருக்கிறது. உள்ளே விட்டால் 4 முதல் 6 வாரத்தில் கரைந்துவிடும். ஹைட்ரோகொல்லாய்டு என்ற ஒட்டுக்கட்டுகள் பலவற்றில் ஜெலட்டின் ஒரு கூறு. இந்திய மருத்துவமனைகளில் கொலாஜன் தாள்கள் சாதாரணமாகப் புழங்குகின்றன. செல் ஏற்றி அச்சிட்ட ஜெல்மா தோல் இன்னும் அன்றாடச் சிகிச்சைக்கு வரவில்லை. வந்துவிட்டதாக விளம்பரம் பார்த்தால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எலிக்குப் பத்து நாளில் ஆறியது என்கிறார்கள். மனிதருக்கும் அப்படியே ஆகுமா?

எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைத் தகடு இருக்கிறது. அது காயத்தின் ஓரங்களை இழுத்து மூடிவிடும். எனவே எலியில் புண் மூடியது என்றால் புதுத் தோல் வளர்ந்தது என்று பொருள் அல்ல, பெரும்பாலும் சுருங்கியது என்றே பொருள். இதைத் தவிர்க்கக் காயத்தைச் சுற்றிச் சிலிக்கோன் வளையத்தைத் தைத்துவைத்துச் சோதிக்கிறார்கள். வளையம் இல்லாத எலிச் சோதனையைப் பார்த்தால் வேகத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதத் தோலுக்கு நெருக்கமானது, விண்டர் பயன்படுத்திய பன்றியின் தோலே.

முடியும் வியர்வையும் திரும்ப வருமா?

இன்று மருத்துவமனையில் உள்ள எந்தச் சாரமும் அவற்றைத் திருப்பித் தருவதில்லை. இன்று நாம் தருவது மூடிய, வளையக்கூடிய, இரத்த ஓட்டமுள்ள ஒரு பரப்பு. மயிர்க்காலையும் வியர்வைச் சுரப்பியையும் ஜெல்லுக்குள் வளர்க்கும் வேலை ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கிறது. இது அழகு பற்றிய குறை மட்டும் அல்ல. உடம்பின் பெரும்பகுதி ஒட்டுத்தோலாக இருப்பவர் அந்த இடத்தில் வியர்க்க மாட்டார். ஆகவே உடம்பின் சூடு இறங்க வழி குறைவு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சித்திரை வெயிலில் அவரை நடுப்பகலில் வெளியே அனுப்பாதீர்கள். ஈரத்துணியும் மின்விசிறியும் அவர் அருகிலேயே இருக்கட்டும்.